மஞ்சள் என்ஜின் விளக்கு அணையவே மாட்டேன் என்கிறதா? பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சேலத்திலிருந்து தர்மபுரிக்குப் போகும்போது, தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் என் காரின் மீட்டரில் மஞ்சள் என்ஜின் விளக்கு முதல்முறை எரிந்தது. 2012 மாடல், மூன்று சிலிண்டர் பெட்ரோல் வண்டி. மெக்கானிக் ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டு, "ஆக்ஸிஜன் சென்சார் போயிருக்கு சார்" என்றார். புகையில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனை அளந்து சொல்வது அது. 3,200 ரூபாய் கொடுத்து மாற்றினோம். பத்தே நாளில் அதே விளக்கு. ஸ்கேனரில் அழித்தோம், திரும்ப வந்தது. இன்னொரு முறை அழித்தோம், அப்புறமும் வந்தது. அதற்குப் பிறகுதான் நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முறையாகத் தேடினேன். ஆக்ஸிஜன் சென்சாரில் ஒரு குறையும் இல்லை. குறை பெட்ரோல் டேங்குக்குள் இருந்தது.

பானெட்டைத் திறந்து வாஷர் தண்ணீர் ஊற்றியதைத் தாண்டி எதுவும் செய்யாதவரும் பின்பற்றக்கூடிய வகையில் அந்தத் தேடலை எழுதுகிறேன். பெட்ரோல் கார்களை மனதில் வைத்து எழுதுகிறேன். டீசலுக்கு முதல் பாதி பொருந்தும், மீதி வேறு கதை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஸ்கேனர் காட்டும் கோட் எண் கெட்டுப்போன பார்ட்டின் பெயர் என்று நினைத்துத்தான் பெரும்பாலானவர்கள் பணத்தை இழக்கிறோம். என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், அதாவது இ.சி.யூ., தனக்கு வரும் அளவுகளில் எது இடிக்கிறது என்று சொல்கிறது, அவ்வளவுதான். ஏன் இடிக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டியது நாம்.

விளக்கு எப்படி எரிகிறது?

மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்து, வண்டியும் வழக்கம்போல ஓடினால் பதறத் தேவையில்லை. வீட்டுக்கு ஓட்டிப் போகலாம், ஓரிரு நாளில் பார்க்கலாம். அதே விளக்கு விட்டுவிட்டு மின்னினால் விஷயம் வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமலே சைலன்சர் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நம் மெக்கானிக்குகள் "மிஸ்ஸிங் அடிக்குது" என்பார்களே, அதுதான். அந்தப் பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். ஆக்ஸிலரேட்டரை விட்டு, மெதுவாக ஓரம் கட்டி நிறுத்துங்கள். அதே நிலையில் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிப் போனால், பிளக்குக்குப் பொறி தரும் ஒரு காயில் மாற்றி முடிய வேண்டிய வேலை கன்வர்ட்டரையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

சிவப்பு விளக்குகள் தனி. எண்ணெய்க் குடுவை போன்ற சிவப்பு விளக்கோ, சூட்டைக் காட்டும் சிவப்பு விளக்கோ எரிந்தால் அந்த இடத்திலேயே என்ஜினை அணைத்துவிடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. இந்தக் கட்டுரை மஞ்சள் விளக்கைப் பற்றியது மட்டுமே.

செகண்ட் ஹேண்டில் கார் வாங்கப் போகிறவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. சாவியைத் திருகி, ஸ்டார்ட் செய்யாமல் ஆன் நிலையில் நிறுத்துங்கள். என்ஜின் விளக்கு எரிய வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் சில நொடிகளில் அணைய வேண்டும். ஆன் நிலையில் எரியவே இல்லையென்றால் பல்ப் போயிருக்கலாம், அல்லது விற்பவர் வேண்டுமென்றே அதைக் கழற்றியோ டேப் ஒட்டியோ வைத்திருக்கலாம். எரியாத விளக்கைப் பார்த்து நிம்மதி அடைந்து அட்வான்ஸ் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

உங்கள் கார் எந்தக் காலத்தது?

நான்கு சக்கர வண்டிகள் தங்கள் குறைகளைத் தாமே கண்காணிக்க வேண்டும் என்ற விதி, அதாவது ஓ.பி.டி., இந்தியாவில் பி.எஸ்.-4 என்ற புகை விதியோடு 2010 ஏப்ரலில் தொடங்கியது. முதல் கட்டத்தில் பெரும்பாலும் வயர் அறுந்ததா, சென்சார் இணைப்பு இருக்கிறதா என்ற அளவில்தான் கண்காணிப்பு. 2013 ஏப்ரலிலிருந்து வந்த இரண்டாம் கட்டத்தில் மிஸ்ஸிங், கேட்டலிடிக் கன்வர்ட்டரின் திறன், ஆக்ஸிஜன் சென்சாரின் சோர்வு எல்லாம் சேர்ந்தன. ஆனால் பி.எஸ்.-4 ஆரம்பத்தில் சென்னை போன்ற பெருநகரங்களில் மட்டுமே கட்டாயம். நாடு முழுவதற்கும் வந்தது 2017 ஏப்ரலில்தான். அதனால் ஒரே வருட மாடலாக இருந்தாலும், எந்த ஊரில் விற்ற வண்டி என்பதைப் பொறுத்து உள்ளே இருக்கும் அமைப்பு மாறும். ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள்.

ஸ்டியரிங்குக்குக் கீழே, கிளட்ச் பெடலுக்கு மேலே, டார்ச் அடித்துத் தேடினால் இரண்டு வரிசையில் எட்டெட்டாகப் பதினாறு பின் கொண்ட சாக்கெட் தெரியும், ஸ்கேனரைச் சொருகும் இடம் அது. சில வண்டிகளில் சின்ன மூடி போட்டிருக்கும். 2010-க்கு முந்தைய கார்களில் இந்த சாக்கெட் இருந்தாலும் சாதாரண அடாப்டரோடு பேசாமல் போகலாம். அப்படியானால் முதல் ஸ்கேனை மட்டும் அந்தக் கம்பெனி ஸ்கேனர் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில் செய்துகொள்ளுங்கள்.

என்னென்ன வேண்டும்?

அந்த சாக்கெட்டில் சொருகிப் போனோடு இணைக்க, ஈ.எல்.எம். 327 என்று சொல்லப்படும் ப்ளூடூத் அடாப்டர் ஒன்று. ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். ஆண்ட்ராய்டு போன் என்றால் சாதாரண ப்ளூடூத் அடாப்டரே போதும். ஐபோன் என்றால் வைஃபை அல்லது ப்ளூடூத் 4.0 வகை வாங்க வேண்டும், வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். சந்தையில் இருப்பவற்றில் பெரும்பாலானவை நகல்கள். மிக மலிவானவை பழைய வண்டிகளின் கே-லைன் முறையில் பேசத் தடுமாறும், அதனால் திருப்பிக் கொடுக்க வசதி இருக்கும் இடத்தில் வாங்குவது நல்லது. கார் ஸ்கேனர் போன்ற ஒரு ஆப் போனில் இருந்தால் போதும். இணைக்கும்போது பின் நம்பர் கேட்டால் 1234 அல்லது 0000. வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். சாக்கெட்டில் எப்போதும் மின்சாரம் வந்துகொண்டிருக்கும், நாள் கணக்கில் நிற்கும் வண்டியின் பேட்டரியை அது மெல்ல மெல்லக் குடித்துவிடும்.

கூடவே ஒரு சாதாரண மல்டிமீட்டர், நல்ல டார்ச், ஒரு நோட்டு. நோட்டைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். நான் முதல் மூன்று முறை தோற்றதற்குக் காரணமே எதையும் எழுதி வைக்காததுதான்.

முதல் ஸ்கேன்: அழிக்கும் பட்டனைத் தொடாதீர்கள்

அடாப்டரைச் சொருகி, சாவியை ஆன் நிலையில் வைத்து, ஆப்பில் குறைகளைப் படிக்கச் சொல்லுங்கள். ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களுமாகக் கோட் எண்கள் வரும். பி என்று தொடங்கினால் என்ஜினும் கியரும் சார்ந்தது. அடுத்த இலக்கம் 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான எண். 1 என்றால் அந்தக் கம்பெனி தனக்கென வைத்துக்கொண்டது, அதன் விளக்கத்தைப் பொதுவான ஆப்பில் நம்ப வேண்டாம். அதற்கும் அடுத்த இலக்கம் எந்தப் பக்கம் என்று காட்டும்: 1, 2 என்றால் காற்றும் எரிபொருளும், 3 என்றால் இக்னிஷனும் மிஸ்ஸிங்கும், 4 என்றால் புகைக் கட்டுப்பாடு, 5 என்றால் ஐட்லிங்கும் வேகமும்.

உறுதியான குறைகள் தவிர "பெண்டிங்" என்று சில இருக்கும். பெரும்பாலான குறைகளை இ.சி.யூ. முதல் ஓட்டத்தில் (ஸ்டார்ட் செய்து, ஓட்டி, அணைக்கும்வரை ஒரு ஓட்டம்) பார்த்ததும் விளக்கைப் போடாது, குறித்து மட்டும் வைத்துக்கொள்ளும். அடுத்த ஓட்டத்திலும் வந்தால்தான் விளக்கு. அந்தப் பட்டியலையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்ததுதான் பலரும் பார்க்காமல் விடுவது: ஃப்ரீஸ் ஃப்ரேம். குறை பதிவான அந்தக் கணத்தில் வண்டி என்ன நிலையில் இருந்தது என்று இ.சி.யூ. எடுத்து வைத்த படம் அது. வேகம், ஆர்.பி.எம்., கூலண்ட் சூடு, என்ஜின் மீதான சுமை, எரிபொருள் திருத்தம் எல்லாம் இருக்கும். என் காரில் கோட் பி0171, அதாவது கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம். ஃப்ரீஸ் ஃப்ரேமில் வேகம் 64, ஆர்.பி.எம். 3,400, சுமை 72 சதவீதம், கூலண்ட் 91 டிகிரி. அதாவது வண்டி சூடேறி, பாரம் இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறும்போது மட்டும் குறை தெரிகிறது. ஊருக்குள் சும்மா ஓட்டும்போது வருவதில்லை. இந்த ஒரு பக்கத்தை முதல் நாளே படித்திருந்தால் சென்சார் வாங்கியிருக்கவே மாட்டேன்.

குறையை அழித்தால் இந்தப் படமும் அழிந்துவிடும். இ.சி.யூ. நாள்பட்டுக் கற்றுவைத்த எரிபொருள் திருத்தங்களும் பெரும்பாலும் சேர்ந்து போகும். பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டினாலும் பெரும்பாலான பழைய வண்டிகளில் இதே கதிதான். விளக்கு அணையும், தடயமும் போகும். ஆகவே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, நோட்டிலும் எழுதி, அதற்கப்புறம்தான் அழிப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பார்ட் வாங்கும் முன் ஒரு மணி நேரம்

எந்தக் கோட் வந்தாலும் இந்த வேலையைச் செய்யுங்கள். என்ஜின் ஆறியிருக்க வேண்டும்.

பேட்டரியில் தொடங்குங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். 12.2-க்குக் கீழே என்றால் பேட்டரி பாதி காலி. என்ஜின் ஓடும்போது 13.8-இலிருந்து 14.5 வரை. வோல்டேஜ் சரியில்லாத வண்டியில் சம்பந்தமே இல்லாத நான்கைந்து சென்சார் கோட்கள் ஒரே நேரத்தில் வரும். அப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்தால் சென்சார்களை விட்டுவிட்டு மின்சாரத்தைப் பாருங்கள்.

அடுத்தது எர்த். என்ஜின் ஓட, ஹெட்லைட்டும் ஏசியும் போட்டுவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையை என்ஜின் உலோகத்திலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதைவிட அதிகம் என்றால் எர்த் வயர் துருப்பிடித்திருக்கிறது. கடற்கரை ஊர்களில் இது மிகச் சாதாரணம். போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கினால் சரியாகிவிடும்.

அப்புறம் எலி. நம் ஊரில் இதைச் சொல்லாமல் எந்த வழிகாட்டியும் முழுமையாகாது. என் மச்சான் காரில் பி0135 வந்தது, ஆக்ஸிஜன் சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டர் சர்க்யூட். புது சென்சார் போட்டும் போகவில்லை. டார்ச் அடித்து வயரைப் பின்தொடர்ந்து போனால், பேட்டரி தட்டுக்குக் கீழே எலி கடித்து ஒரு வயர் நூல் அளவில் தொங்கிக்கொண்டிருந்தது. வயர் கட்டு முழுவதையும் கையால் தடவிப் பாருங்கள். எலிப் புழுக்கை, தேங்காய் நார், பஞ்சு கிடந்தால் அதைச் சுற்றித்தான் தேட வேண்டும். வயரை ஒட்டும்போது முறுக்கி டேப் சுற்றி விட்டுவிடாதீர்கள். சால்டர் செய்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கு அரை மணி நேர வேலைதான்.

கோட் எந்த சென்சாரைச் சொல்கிறதோ அதன் கப்ளரை, அதாவது வயர் சொருகியிருக்கும் இணைப்பை, கழற்றிப் பாருங்கள். பச்சைப் பூத்திருக்கிறதா, தண்ணீர் நிற்கிறதா, பின் வளைந்திருக்கிறதா? காண்டாக்ட் கிளீனர் அடித்து, காயவிட்டு, 'க்ளிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். ஏர் ஃபில்டரையும் எடுத்துப் பாருங்கள். ஃபில்டரிலிருந்து என்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயின் மடிப்புகளை விரித்தால்தான் பிளவு தெரியும். மேலோட்டமாகப் பார்த்தால் நன்றாகவே இருக்கும்.

வெளிநாட்டு வீடியோக்களில் எல்லாம் "முதலில் பெட்ரோல் டேங்க் மூடியை இறுக்குங்கள்" என்பார்கள். அமெரிக்காவில் டேங்கிலிருந்து ஆவி கசிகிறதா என்று காரே சோதிக்க வேண்டும் என்பது சட்டம். ஐரோப்பிய முறையைத் தழுவிய நம் பழைய கார்களில் பெரும்பாலும் அந்தச் சோதனை கிடையாது. மூடியை இறுக்குவதால் நஷ்டம் ஒன்றுமில்லை, ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

ஓடும்போது கிடைக்கும் அளவுகள்

இதுவரை ஒன்றும் அகப்படவில்லை என்றால் ஆப்பில் லைவ் டேட்டா பகுதிக்குப் போங்கள். நிறைய எண்கள் ஓடும், மிரள வேண்டாம். நான்கைந்து போதும்.

காலையில், இரவெல்லாம் நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யாமல் கூலண்ட் சூட்டையும் உள்ளிழுக்கும் காற்றின் சூட்டையும் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மைனஸ் 40 என்று காட்டினால் சென்சார் கெட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் வயர் அறுந்திருக்கும் அல்லது கப்ளர் கழன்றிருக்கும்.

அதே நிலையில் மேப் சென்சாரையும் பாருங்கள். இன்டேக் மேனிஃபோல்டில் இருக்கும் காற்றழுத்தத்தை அளப்பது அது. என்ஜின் நின்றிருக்கும்போது வெளியிலுள்ள காற்றழுத்தத்தைத்தான் காட்ட வேண்டும். சென்னையில் 100 கிலோபாஸ்கல் அளவில், ஊட்டி உயரத்தில் 77 அளவில். ஸ்டார்ட் செய்து சூடேறி ஐட்லிங்கில் நிற்கும்போது 30-இலிருந்து 40-க்குள் இறங்க வேண்டும்.

இப்போது எரிபொருள் திருத்தம். ஃப்யூயல் ட்ரிம் என்று ஆப்பில் இருக்கும். ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் என இரண்டு. தன் கணக்குப்படி விட்ட பெட்ரோல் போதவில்லை என்று ஆக்ஸிஜன் சென்சார் சொன்னால் இ.சி.யூ. கூட்டி விடும், அப்போது எண் பிளஸில் போகும். அதிகமாகிவிட்டது என்றால் குறைக்கும், மைனஸில் போகும். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். பத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. இருபதைத் தாண்டிப் பிளஸில் நின்றால் பி0171 வரும் நாள் தூரமில்லை.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இப்போது வழக்கமாகிவிட்டது. எத்தனாலுக்குக் காற்று குறைவாகப் போதும். 10 சதவீதக் கலவைக்கு ஒரு கிராம் பெட்ரோலுக்கு 14.1 கிராம் காற்று என்றால், 20 சதவீதக் கலவைக்குச் சுமார் 13.5. ஆகவே பழைய வண்டியில் ட்ரிம் நான்கு சதவீதம் போலப் பிளஸில் நகர்வது இயல்பு. அதை மட்டும் வைத்து விளக்கு எரியாது. ஏற்கெனவே பிளஸ் 17-இல் தள்ளாடிக்கொண்டிருக்கும் வண்டியை எல்லை தாண்டிவிட அது போதும்.

ட்ரிம்மை மூன்று நிலைகளில் எழுதுங்கள்: சூடான என்ஜின் ஐட்லிங்கில், நின்றபடியே 2,500 ஆர்.பி.எம்.-இல், அப்புறம் பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து அவர் எண்களைப் படிக்க, மேட்டில் பாரத்தோடு. ஓட்டுபவர் போனைப் பார்க்கவே கூடாது.

ஐட்லிங்கில் அதிகமாக இருந்து, ஆர்.பி.எம். ஏறும்போது குறைந்தால் எங்கோ காற்று கசிகிறது. ஆனால் இதில் ஒரு நுணுக்கம் உண்டு. உள்ளே போகும் காற்றின் அளவை நேரடியாக அளக்கும் சென்சார் உள்ள கார்களுக்குத்தான் இந்த விதி நன்றாகப் பொருந்தும். மேப் சென்சாரை வைத்துக் கணக்குப் போடும் கார்களில், கசிந்து வரும் காற்றும் அழுத்தத்தில் தெரிந்துவிடுவதால் இ.சி.யூ. அதற்கும் சேர்த்தே பெட்ரோல் விட்டுவிடும். அங்கே கசிவின் அடையாளம் ட்ரிம்மில் இல்லை, ஐட்லிங் தானாக உயர்ந்து நிற்பதில் இருக்கிறது. நம் சின்னக் கார்களில் பல மேப் வகைதான். எந்த வகை என்று தெரியாமல் "காத்து லீக்" என்று எல்லா ஹோஸையும் மாற்றுவது வீண். கசிவைத் தேட கார்புரேட்டர் ஸ்ப்ரே அடிப்பார்கள். சூடான எக்ஸாஸ்டில் பட்டால் தீப்பிடிக்கும், புதியவர்களுக்கு அது வேண்டாம். ஒர்க்‌ஷாப்பில் புகை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஐட்லிங்கில் நன்றாக இருந்து, பாரத்தில் ஏறிக்கொண்டே போனால் பெட்ரோல் போதவில்லை. என் நோட்டில் இருந்தது இது: ஐட்லிங்கில் பிளஸ் 6, 2,500-இல் பிளஸ் 11, மேட்டில் பிளஸ் 23.

ஆனால் சென்சாரே பொய் சொல்கிறதோ என்ற சந்தேகத்தையும் தீர்க்க வேண்டும். அதற்குப் பைசா செலவில்லை. கன்வர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரின் வோல்டேஜை ஆப்பில் வரைபடமாக வையுங்கள். சூடேறிய என்ஜினில் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று அழுத்தினால் 0.8-ஐத் தாண்ட வேண்டும், விட்டதும் 0.1 பக்கம் விழ வேண்டும். இரண்டையும் உடனுக்குடன் செய்கிற சென்சார் உயிரோடுதான் இருக்கிறது. என் பழைய சென்சாரை எடுத்து மறுபடி மாட்டி இதைச் செய்து பார்த்தேன். அழகாக ஆடியது. சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கேஸ்கெட் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே போய், நல்ல சென்சாரையும் ஏமாற்றும். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று சத்தம் வந்து, சூடானதும் குறைந்தால் அதைப் பாருங்கள்.

அடுத்த வேலையை நான் செய்யவில்லை, பெட்ரோல் லைனைக் கழற்றுவது புதியவர் வேலை இல்லை. மெக்கானிக்கிடம் நோட்டைக் காட்டி, ஃப்யூயல் பிரஷர் கேஜ் மாட்டச் சொன்னேன். என் வண்டிக்கு 3 பார் அளவில் இருக்க வேண்டும். ஐட்லிங்கில் சரியாக நின்றது. ஆக்ஸிலரேட்டரை அழுத்திய ஒவ்வொரு முறையும் முள் இறங்கியது. பின்சீட்டைத் தூக்கி, டேங்கிலிருந்து பம்ப்பை வெளியே எடுத்தோம். அடியில் இருக்கும் சல்லடை கறுத்து, சேறு அப்பியதுபோல இருந்தது. வருடக்கணக்கில் ரிசர்வ் விளக்கு எரிய எரிய வண்டி ஓட்டிய பழக்கத்தின் பலன்: டேங்கின் அடிக்கசடு முழுக்கச் சல்லடைக்கு வந்து சேரும், பெட்ரோலில் மூழ்கி ஆற வேண்டிய பம்ப்பும் சூடாகும். கால் டேங்குக்குக் கீழே விடாமல் ஓட்டுங்கள்.

மிஸ்ஸிங் கோட் வந்தால்

பி0301, பி0302, பி0303 என்று வந்தால் கடைசி இலக்கம்தான் சிலிண்டர் எண். டைமிங் செயின் அல்லது பெல்ட் இருக்கும் பக்கத்திலிருந்து பெரும்பாலும் எண்ணுவார்கள். பி0300 என்றால் குறிப்பிட்ட ஒரு சிலிண்டர் என்று சொல்ல முடியாமல் மாறி மாறி வருகிறது. அப்போது பெட்ரோல், காற்று, பேட்டரி போன்ற பொதுவானவற்றைப் பாருங்கள்.

ஒரே சிலிண்டர் என்றால் வீட்டிலேயே செய்யக்கூடிய அருமையான சோதனை இருக்கிறது. பிளக்குக்கு மேலேயே தனித்தனிக் காயில் உள்ள வண்டியாக இருக்க வேண்டும். இரண்டாவது சிலிண்டரில் குறை என்றால், அந்தக் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டி, அதை இரண்டாவதில் மாட்டுங்கள். கோட் எண்ணை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். இப்போது பி0303 வந்தால் காயில்தான் குற்றவாளி, நிம்மதியாக வாங்கலாம். பி0302 அப்படியே நின்றால் பிளக்கை இடம் மாற்றுங்கள். அப்புறமும் நகரவில்லை என்றால் இன்ஜெக்டர், அதற்கு அப்புறம் கம்ப்ரெஷன் சோதனை, அது ஒர்க்‌ஷாப்பில். காயிலைக் கழற்றும்போது பிளக் குழியில் எண்ணெயோ தண்ணீரோ நின்றால் காரணம் அங்கேயே தெரிந்துவிடும். வாட்டர் வாஷ் விட்ட மறுநாள் மிஸ்ஸிங் அடித்தால் முதலில் அந்தக் குழியைத்தான் பார்க்க வேண்டும்.

மற்ற சில

பி0420 என்றால் கன்வர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது என்று பொருள், உடனே கன்வர்ட்டர் விலை சொல்வார்கள். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருப்பதால் விலை கிறுகிறுக்க வைக்கும். முதலில் எக்ஸாஸ்ட் கசிவு, பழைய மிஸ்ஸிங், பின்னால் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் எல்லாவற்றையும் பாருங்கள். பின் சென்சார் 0.6 அல்லது 0.7 வோல்ட்டில் அமைதியாக நின்றால் கன்வர்ட்டர் வேலை செய்கிறது. முன் சென்சாரைப் போலவே ஆடினால்தான் அது சோர்ந்துவிட்டது. கன்வர்ட்டரைக் குடைந்து காலியாக்கித் தருகிறேன் என்பவரிடமிருந்து விலகி நில்லுங்கள்.

ஹீட்டர் கோட் என்றால் சென்சாரின் நான்கு வயர்களில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டுக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். சில ஓம்களிலிருந்து பதினைந்து வரை காட்டினால் ஹீட்டர் நன்றாக இருக்கிறது, ஃப்யூஸையும் வயரையும் தேடுங்கள். எதுவுமே காட்டாவிட்டால் சென்சாரை மாற்றலாம். கேஸ் கிட் பொருத்திய வண்டியில் கலவை சம்பந்தமான கோட் வந்தால், ஒரு டேங்க் முழுவதும் பெட்ரோலில் மட்டும் ஓட்டிவிட்டுத் தேடலைத் தொடங்குங்கள்.

புகைச் சான்றிதழ் எடுக்கும்போது தரும் சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். அதில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் எண்ணாக இருக்கும். பி.எஸ்.-4 பெட்ரோல் காருக்கு வரம்பு 0.3 சதவீதமும் 200 பி.பி.எம்.-உம். முதலாவது ஏறியிருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. இரண்டாவது மட்டும் ஏறியிருந்தால் எங்கோ எரியாமல் வெளியேறுகிறது.

சரிசெய்த பிறகு

இப்போது அழிக்கலாம். அழித்ததும் விளக்கு அணைந்துவிடும், அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. இ.சி.யூ. தன் சோதனைகளை மறுபடி ஓட்டி முடிக்க வேண்டும். ஆப்பில் ரெடினஸ் என்ற பகுதியில் எவை முடிந்தன, எவை பாக்கி என்று இருக்கும். குளிர்ந்த என்ஜினிலிருந்து தொடங்கி, கொஞ்சம் ஊருக்குள், கொஞ்சம் நெடுஞ்சாலையில் ஒரே சீரான வேகத்தில் என்று சில நாட்கள் ஓட்டினால் எல்லாம் முடியும். பழைய கார் வாங்கும்போதும் இதைப் பாருங்கள். எல்லாமே முடியாத நிலையில் இருந்தால், உங்களுக்குக் காட்டுவதற்குச் சற்று முன்புதான் யாரோ அழித்திருக்கிறார்கள்.

நீங்கள் அழிக்காமலே விட்டாலும், குறை சரியாகியிருந்தால் தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் அது திரும்ப வராதபோது விளக்கு தானாக அணையும். நினைவிலிருந்து கோட் எண் போக இன்னும் 40 முறை என்ஜின் சூடேறி ஆற வேண்டும். அவசரம் இல்லாதவர்களுக்கு இந்த வழிதான் சிறந்தது என்பேன், தடயம் கையிலேயே இருக்கும்.

எந்த நிலையில் குறை வந்ததோ அதே நிலையில் வண்டியை ஓட்டிச் சோதியுங்கள். சல்லடை மாற்றிய இரண்டாம் வாரம், மனைவி போனில் எண்களைப் படிக்க, மறுபடி தொப்பூர் ஏறினேன். அதே மூன்றாவது கியர், ஏறக்குறைய அதே வேகம். ட்ரிம் பிளஸ் 4-இல் நின்றது.